பேத்தியின் மூக்கடைப்பில் நான் ஜெயித்த கதை

இன்று வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதே சாம்பிராணி போடுகிற பாய் வந்துவிட்டார். பாளையம்பட்டிக் கடைகளுக்கெல்லாம் வரிசையாகப் புகை காட்டிக்கொண்டே வந்து, என் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவிலும் தட்டை நீட்டினார். நான் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். “வேணாம் பாய், புள்ள இருக்கு.” அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பருத்திவிதை மூட்டையும் தவிட்டு மூட்டையும்தான் இருந்தன. “எந்தப் புள்ள அண்ணாச்சி?” என்று சிரித்துவிட்டார். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளை வீட்டில் இருக்கிறாள், என் கைதான் இன்னும் மறித்துக்கொண்டே இருக்கிறது. அவர் போன பிறகும் வாசம் போகவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது. வியாபாரம் கிடக்கட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. நம் மீனாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. அப்படியே உன் மூக்கு. அந்த மூக்கில்தான் வம்பே வந்தது. பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் சளி பிடித்துக்கொண்டது. இப்போது சரியாகிவிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது நான். ஆமாம், நானேதான். சிரிக்காதே.

நீ போன பிறகு இந்த வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம் இது. வளைகாப்பு முடிந்ததுமே பேச்சு ஆரம்பித்துவிட்டது. நரிக்குடியிலிருந்து வந்திருந்த எங்கள் அக்கா, பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். “தாயில்லாத வீட்டுல என்னலே பேறுகாலம்? ஆம்பளைக்கு என்ன தெரியும்? மாமியா வீட்டுலயே இருக்கட்டும்.” திருச்சுழிச் சம்பந்தியம்மாவும் தலையை ஆட்டினார்கள். மீனா மட்டும் ஒற்றைக் காலில் நின்றாள், தலைப்பிள்ளை என் வீட்டில்தான் என்று. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில், நானும் கூட இருக்கிறேன் என்று அக்காவே மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாள். நான் கடையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டேன். தவிட்டுத் தூசியோடு பிள்ளையிடம் போகக்கூடாது என்று, குழாயடியில் கை முகம் கழுவி, சட்டை மாற்றித்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த அளவுக்கு நான் திருந்தியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் நம் கரிசலுக்கு நல்ல மழை. பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாக இருந்தால் அவர் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். ஓரிரு நாளில் பிள்ளைக்கு மூக்கடைத்துக்கொண்டது. மூச்சு கர்ர் கர்ர் என்றது. பால் கொடுத்தால் இரண்டு மடக்கு குடிப்பாள், மூச்சு முட்டும், வாயை எடுத்துவிட்டு அழுவாள். பசியில் திரும்ப வாயைப் பிளப்பாள். அதைப் பார்த்து மீனாவும் அழுதாள்.

அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அந்த அம்மா குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, “நெஞ்சுல ஒண்ணுமில்ல, மூக்கோட நிக்குது” என்றார்கள். பால் கொடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் மூக்கில் விட உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எண்ணெய் விடாதீங்க, தைலம் தேய்க்காதீங்க, புகை போடாதீங்க, தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்க என்றார்கள். மூச்சு வேகமாக இழுத்து விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உடம்பு சுட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் அதைப் பாடம் போல மனசுக்குள் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள், ஒரு கையில் சாம்பிராணிக் கரண்டியோடு. டாக்டர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேராக மீனாவை விசாரித்தாள். “ஏத்தா, பச்சத்தண்ணி குடிச்சியா?” தாய் தண்ணீர் குடித்தால் பால் வழியாகப் பிள்ளைக்குச் சளி இறங்கும் என்று, பேறுகாலம் முடிந்த நாளிலிருந்து மீனாவுக்குப் பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் மடக்கு வெந்நீரும்தான் கொடுத்துவந்தாள். மீனா மறைக்கவில்லை. “தாகமா இருந்துச்சுத்தே, குடிச்சேன்.”

“பாத்தியாலே!” என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். “பாலு குளுந்துபோச்சு. சளி தீர்ற வரைக்கும் தாய்ப்பால நிப்பாட்டு. பசும்பால்ல தண்ணி கலந்து குடுப்போம்.”

மீனா அழுத அழுகையில் சரி என்று சொல்லியிருப்பாள். தன்னால்தான் பிள்ளைக்கு வந்தது என்று நம்பத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த இடத்தில்தான் நீ வந்தாய்.

மீனா இதே அளவில் இருந்தபோது இதே மூக்கடைப்பு, இதே பேச்சு. நம் வீட்டுப் பெரியவர்களெல்லாம் பாலை நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் முன்னால் உட்காரக்கூட மாட்டாய் நீ. அன்று பிள்ளையை மாரோடு அணைத்தபடி, குரல் உயராமல் கேட்டாய். “மூக்கு அடச்சா மூக்கப் பாருங்க, பால ஏன் அடைக்கிறீக?” புகையோடு வந்தவர்களிடம், “சாமிக்குக் காட்டுங்க, புள்ளைக்கு வேணாம்” என்றாய். என்னிடம் ஒரு மெல்லிய துணி கேட்டாய். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே என் புது மல் வேட்டியைச் சர்ரென்று கிழித்துவிட்டாய். சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்து, பிள்ளையையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாய். இரண்டு மடக்கு, ஒரு மூச்சு, மறுபடியும் இரண்டு மடக்கு. அவசரமே இல்லை உனக்கு. வேட்டி போன கவலையில் நின்ற நான் அதை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

உன்னைப்போல் குரல் உயராமல் பேச எனக்கு வராது. கத்தித்தான் சொன்னேன். “அக்கா, நான் புண்ணாக்கு விக்கிறவன். கன்னுக்குட்டிக்குச் சளின்னு சொல்லி எவனாவது தாய்மாட்டப் பிரிச்சு வேற தொழுவத்துல கட்டுறானா? பச்சப்புள்ளைக்குப் பசும்பாலும் கெடையாது, புகையும் கெடையாது. மீனா, நீ தண்ணியக் குடி.” ஒரு செம்பு நிறைய நானே கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குடித்த வேகத்தைப் பார்த்து என் நெஞ்சு கலங்கிவிட்டது.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். உடனே திருச்சுழிக்குப் போன் போட்டுவிட்டாள். பொழுது சாய்வதற்குள் சம்பந்தியம்மா வந்து நின்றார்கள். கெட்ட மனுஷி இல்லை. பேத்தியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. “அண்ணே, தப்பா நெனைக்காதீக. தாயில்லாத வீடு. நாளைக்குச் சாயங்காலம் காரோட வாரேன். அப்பவும் புள்ள இப்படியே இருந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.” சரி தங்கச்சி என்றேன். மீனா என்னையே பார்த்தாள். அவளுக்கு இந்த வீடு இல்லாமல் போய்விடும், அதுதான் அந்தப் பார்வை.

மறுநாள் முழுக்க நான் கடைப் பக்கம் போகவில்லை. என் மல் வேட்டியில் ஒன்றை நானே கிழித்தேன், எனக்கும் சர்ரென்றுதான் வந்தது. பால் கொடுக்கும் நேரமெல்லாம் முன்கூட்டியே சொட்டு விட்டோம், பொறுத்தோம், இளகி வந்ததைத் துணி முனையால் ஒற்றி எடுத்தோம். மூக்குக்குள் எதையும் நுழைக்கவில்லை. மீனாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துப் பிள்ளையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். “ரெண்டு மடக்கு, ஒரு மூச்சு. உங்கம்மா உனக்கு இப்படித்தான் குடுத்தா” என்றேன். பிள்ளையின் சட்டையை விலக்கி விலாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழி விழவில்லை. உடம்பு சுடவில்லை. பிள்ளை நனைத்த துணியை மாற்றும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன், பால் உள்ளே போகிறது என்று. மீனாவுக்கு அன்று ஒரு துணியாவது நான் மாற்றியிருக்கிறேனா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. பேச்சை மாற்றாதே.

மத்தியானத்துக்கு மேல் பிள்ளை ஒரு தும்மல் போட்டாள். அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய தும்மலா என்று நினைத்தேன். தொடர்ந்து இன்னொன்று. அடைத்திருந்ததெல்லாம் என் சட்டையில் வந்து விழுந்தது. துடைத்துவிட்டு மாரில் வைத்தால், வாயை எடுக்கவே இல்லை. மடக் மடக் என்று குடித்தாள். அடுப்படியிலிருந்து வந்த அக்கா அந்தச் சத்தத்தை நின்று கேட்டாள். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து மீனாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தெருவில் கார் வந்து நின்றது. சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றும்போதே காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். கர்ர் சத்தம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பிள்ளை குடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி மடக்கு வரைக்கும் பார்த்தார்கள். பிறகு மீனாவின் தலையைத் தடவி, “கெளம்புவமாத்தா, என்ன சொல்ற?” என்று கேட்டார்கள். கேள்வியில் நேற்றைய வேகம் இல்லை.

மீனா பிள்ளையைத் தூக்கி என் தோளில் போட்டுவிட்டு, அவர்களுக்குப் பதில் சொன்னாள். “இல்லத்தே. எங்கம்மா வீட்டுல இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வாரேன்.”

எங்கம்மா வீடு என்றாள். நான் கேட்டேன், எங்கள் அக்கா கேட்டாள், சம்பந்தியம்மாவும் கேட்டார்கள். சரித்தா என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு, வெறும் காரில் திருச்சுழிக்குத் திரும்பிப் போனார்கள். நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, தோளில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த உன் பேத்தியோடு வீட்டுக்குள் வந்தேன். நீ போன நாளிலிருந்து இதை என் வீடு என்றுகூட நினைக்க முடியாமல் சும்மா படுத்து எழுந்துகொண்டிருந்தவன் நான். இப்போது யார் எங்கே போகிறாய் என்று கேட்டாலும், மீனாவோட அம்மா வீட்டுக்கு என்றுதான் சொல்கிறேன்.