ஆறும் முன் எடுத்த வட்டு

ஜூன் 3, திங்கள்

கோடைப் பள்ளி இன்று தொடங்கியது. பாதி உருகிய பாறை, படிகமாகாத திடப்பொருள் — இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து இரண்டு வாரம் பாடமும் உலை வேலையும். பாறை படித்தவர், கண்ணாடி படித்தவர், உலோகம் படித்தவர் என்று எல்லோரையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் குழு பிரித்தார்கள். நான் பாறை. எனக்கு வாய்த்த கூட்டாளி ஒரு கண்ணாடித் தொழிற்சாலைப் பொறியாளர். தொப்பை முன்னால் வந்து வணக்கம் சொல்ல, ஆள் பின்னால் வருகிறார். முதல் நாளே பட்டம் வைத்துவிட்டேன்: கண்ணாடியார்.

மதியம் ஒரு வெடி. பாறைப் பொடியைச் சரியாக உலர்த்தாமல் மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், போட்டு உலைக்குள் தள்ளிவிட்டேன். மூசை பிளந்து, உருகிய துளி ஒன்று என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அப்பியது. சட்டைக் கையில் ஓட்டை. கண்ணாடியார் அசரவில்லை. "ஈரத்தோட உள்ள தள்ளினா அது திட்டாம என்ன பண்ணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளியை நடத்தும் பேராசிரியர் என் அத்தான். அக்காவின் கணவர். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கட்டளை. "சொந்தக்காரிக்கு இடம் குடுத்தேன்னு பேச்சு வரும்" என்றார். சரி என்றேன்.

ஜூன் 5, புதன்

அத்தானின் முதல் விரிவுரை. பாறை ஒரேயடியாக உருகுவதில்லை. கனிம மணியும் மணியும் ஒட்டும் ஓரத்தில்தான் முதலில் இளகும். அந்த நீர்மம் வடிந்து வெளியே வரும். அதைப் படிகமாக விடாமல் குளிரவைத்தால் கண்ணாடி. அதிலும் அவசரப்பட்டால் உள்ளுக்குள் ஒரு இழுவிசை பூட்டிக்கிடக்கும், வெளியே தெரியாது, ஒரு கீறல் போதும். தேன் சொட்டச் சொட்டப் பேசினார். கூடமே கைதட்டியது.

"எறும்பக்கூட மிதிக்க மாட்டார் போல" என்றார் கண்ணாடியார். நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அவள் வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

"என்னாச்சு?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

"உங்கக்காவுக்குக் கண்ணு பின்னந்தலையில" என்று அத்தான் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

குளியலறைக் கதவில் முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை. உதைத்த ஓட்டை. அதன் மேல் பூப்போட்ட தாளை ஒட்டியிருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டுத்தான் பேசினாள்.

"கோவம் வந்தா பத்து நிமிஷம். அப்புறம் அவரே கட்டுப் போட்டு விடுவார். குழந்தை மாதிரி அழுவார்."

"என்கூட வந்துடுக்கா."

"நீ வந்த வேலையப் பாரு. என் குடும்பத்துல மூக்க நுழைக்காத."

பேருந்தில் அழுகை வரவில்லை. வழியெல்லாம் அத்தானின் விரல்களை நான் ஒவ்வொன்றாக ஒடிப்பதாக நினைத்துக்கொண்டே வந்தேன். நிம்மதியாக இருந்தது. நான் என்ன பிறவி?

ஜூன் 10, திங்கள்

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஊரே மதிக்கிற மனுஷன். வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு." வைத்துவிட்டாள்.

ஜூன் 12, புதன்

பள்ளியின் பெருமைக்கென்று ஒரு கண்ணாடி வட்டு வார்த்தோம். பாதி உருகிய பாறையிலிருந்து வடித்ததோடு சோடா உப்பு சேர்த்து உருக்கியது. தேன் நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டு விரல் தடிமன். இனி ஆறவைக்கும் உலையில் மெல்ல மெல்லச் சூடு இறங்க வேண்டும். சனிக்கிழமைக்கு முன் திறக்கக் கூடாது என்று கண்ணாடியார் சுண்ணக்கட்டியால் உலைக்கதவின் மேலேயே எழுதினார். பச்சைப்பிள்ளையைத் தூங்கவைத்தவர் போல, எங்களையும் அந்தப் பக்கம் சத்தம் போடாமல் நடக்கச் சொன்னார்.

ஜூன் 13, வியாழன்

சிறப்பு விருந்தினருக்குச் சனிக்கிழமை தோதுப்படாதாம். நிறைவு விழா நாளைக்கே, உலைக்கூடத்திலேயே மேடை போட்டு. அத்தான் உலையை நிறுத்திக் கதவைத் திறக்கப் போனார். கண்ணாடியார் குறுக்கே நின்றார்.

"ஐயா, இப்ப எடுத்தா என்னிக்கு வேணா வெடிக்கும். நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

அத்தான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவ்வளவு கனத்த மனிதரைத் தூக்கிச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். தலை இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். பிறகு — இதுதான் பயங்கரம் — முகம் அப்படியே மாறிவிட்டது. கசங்கிய சட்டையை நீவிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, வேலை டென்ஷன்" என்று தோளைத் தட்டினார். அடுத்து கட்டும் போட்டுவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்து நீள இடுக்கியால் வட்டை வெளியே எடுத்தார். வட்டு உடையவில்லை. "பாத்தீங்களா?" என்றார்.

கண்ணாடியார் விழாவுக்கு வரமாட்டாராம். "அத யாரும் தொடாதீங்கம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 14, வெள்ளி, காலை

யாரும் வருமுன் போய் வட்டை, உள்ளே பூட்டிக்கிடக்கும் இழுவிசையைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். ஒழுங்காக ஆறிய கண்ணாடி அதில் இருட்டாகத் தெரிய வேண்டும். இது நீலமும் சிவப்புமாக வளையம் வளையமாகக் கத்தியது. விளிம்பில் பொடிக் கீறல் ஒன்று வேறு. சாயங்காலம் இதைத்தான் அத்தான் கையில் தூக்கிக் காட்டப்போகிறார்.

சொல்லவா?

சொல்ல மாட்டேன். வெடிக்கட்டும். அவன் கையிலயே வெடிக்கட்டும். அக்கா விரலுக்கு அவன் விரல்.

ஜூன் 15, சனி

வலது கையில் தையல். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருக்கிறது.

நேற்று விழாவில் அத்தான் வட்டைத் தூக்கவில்லை. தூக்குவார் தூக்குவார் என்று முன்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என் வெற்றிக்கெல்லாம் காரணம் இவங்கதான்" என்று அக்காவை மேடைக்கு அழைத்தார். அவள்தான் வட்டை எடுத்து விருந்தினரிடம் கொடுக்க வேண்டுமாம். கட்டுப் போட்ட விரல்களால் பிடிமானம் கிடைக்காமல், அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மார்போட! அய்யோ.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பிடுங்கி எறிந்தேன். கையை விட்டுப் போகும்போதே வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் போல ஒன்று, பிறகு மேடையெல்லாம் சில்லு. என் உள்ளங்கை திறந்துகொண்டது. அக்கா மேல் ஒரு துண்டுகூடப் படவில்லை.

அத்தான் என் தலைமுடியைப் பிடித்தார். விருந்தினர் நிற்கிறார், கூடம் நிறைய ஆட்கள், எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அறைந்தார். கீழே தள்ளி, அந்தச் சில்லுகளின் மேலேயே கிடத்தி, இடுப்பில் உதைத்தார். இத்தனை படிச்ச ஜனம், ஒருத்தர்கூட அசையல! இன்னொரு உதைக்காக உடம்பைச் சுருட்டிக்கொண்டேன். அது விழவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

உலையோரம் கிடந்த நீள இடுக்கி அக்காவின் கையில் இருந்தது. அவர் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம். அவர் மண்டியிட்டு விழுந்தார். மறுபடியும் ஓங்கினாள். "அவளத் தொடுவியா? அவளத் தொடுவியாடா?" தனக்காக ஒரு நாளும் உயராத குரல். முதுகிலும் இறக்கினாள். அடுத்தது தலைக்குத்தான் போகும் என்று தெரிந்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு நிறுத்தினேன். நிறுத்த எனக்கு மனசே இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

காவல் நிலையத்தில் பெண் அதிகாரி கேட்டார்: "யாரு முதல்ல அடிச்சது?"

"எந்த வருஷத்துலேர்ந்து சொல்லட்டும்?" என்றாள் அக்கா. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

ஜூன் 17, திங்கள்

கண்ணாடியார் பின்மண்டை வீக்கத்தோடு வந்து வாக்குமூலம் கொடுத்தார். அவரைப் பார்த்துவிட்டு, விழாவில் இருந்த இன்னும் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். அக்காவுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

போனில் அம்மா. "அவரால கையத் தூக்க முடியலையாம்டி. பாவம்." இந்த முறை நான் வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

அக்கா இப்போது என் அறையில். என் சமையலைக் குறை சொல்கிறாள், என் துணியை நான் துவைக்கும் அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்று அவளுக்கு என் கைக்கட்டை மாற்றிவிடும் வேலை. இனியும் மூடிவைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போலராய்டில் பார்த்ததை, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டதை.

பஞ்சை வைத்த கை நின்றது.

"தெரிஞ்சேதான் உக்காந்திருந்தியா?"

"ஆமா."

"அவர் கையில வெடிக்கணும்னு."

"ஆமாக்கா."

அறைவாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவள் கட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத் துணியைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவர் கையில வெடிச்சிருந்தா" என்றாள், "ஆயுசுக்கும் அவருக்கு ஊட்டி விட்டுக்கிட்டு அங்கயே கிடந்திருப்பேன்டி."

ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு காயப்போட மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய், ஒரு கையால் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தேன்.