அழித்துவிட்ட இருட்டுப் படங்கள்

நாள் 198. காலை 07.40

செவ்வாய்க் கிரகம், ஏழாம் எண் வீடு. எழுதுவது பொன்சிங், தோட்டப் பொறுப்பு, தனி ஆள். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. அவரைப் பந்தல் நான்கு வரிசையும் பச்சை. இந்த வீட்டின் மூச்சுக்காற்று முழுவதும் அந்தப் பந்தல் தருவதுதான்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். உதிரியாகக் கிடந்த செடிவிளக்குப் பலகையை மல்லாக்கப் போட்டு, அதன்மேல் பால்நிறத் தகடு. தகட்டில் இரண்டு அவரை இலை, ஒரு பூ, ஒரு பிஞ்சு. கீழிருந்து வெளிச்சம், மேலே கேமரா. முதல் படம் கரிச்சட்டி மாதிரி வந்தது. என் மனைவி ஜெசிந்தா கப்பலில் வந்துகொண்டிருக்கிறாள், இன்னும் நாற்பத்தோரு நாள். ஐந்து மாதமாக இரும்புச் சுவரையே பார்க்கிறாளே, கொஞ்சம் பச்சையைப் பார்க்கட்டும் என்றுதான் இத்தனை பாடும்.

நாள் 203. காலை 09.15

சூட்சுமம் பிடிபட்டது. ஒரே காட்சியை இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஆறு தடவை எடுக்க வேண்டும். வெளிச்சமானவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்தால் பின்னணி வெள்ளைவெளேரென்று ஆகி, இலை கண்ணாடியாக நிற்கிறது. இருட்டுப் படங்களை அழித்துவிடுகிறேன், சேமிக்க இடமில்லை.

ஜெசிந்தா பாளையங்கோட்டையில் பதினோரு வருடம் ஸ்டுடியோவில் கல்யாணப் படம் திருத்தியவள். லேசில் எதையும் பாராட்டமாட்டாள். இதற்கு, பரவாயில்லை, தேறிட்டிய என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். நாள் முழுக்கக் கிறுக்கன் போலச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

வாரம் ஒருமுறை இலையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தினமும்தான் படம் எடுக்கிறேனே என்று அதை விட்டுவிட்டேன்.

நாள் 221. மதியம் 13.30

ஜெசிந்தாவின் செய்தி, அப்படியே:

“படம் ரொம்பச் சுத்தமா இருக்கு. நெசமான இலையில அவ்வளவு சுத்தம் இருக்காது. இருட்டுப் படம் ஒண்ணையும் சேத்து அனுப்புங்க.”

இவளுக்கு எதிலும் குறை கண்டாக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் எடுத்தேன். இருட்டுப் படத்தில் இலை முழுக்க ஊசிக்குத்துகள். ஒவ்வொன்றின் வழியாகவும் வெளிச்சம் வருகிறது. பூஞ்சை. வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி அத்தனையையும் வெள்ளையில் கரைத்தவன் நான்தான்.

நான்கு வரிசையிலும் இருக்கிறது. மூன்று வாரம் முன்பு பார்த்திருந்தால் ஒரு வரிசையோடு போயிருக்கும். என்ன ஜென்மம் நான்.

நாள் 230. காலை 08.05

மூன்று வரிசையைப் பிடுங்கி மூட்டை கட்டியாயிற்று. நாலாவதும் துவண்டுவிட்டது. புது விதை போட்டு அது காற்று தர நூறு நாள் ஆகும். உருளைகளில் அடைத்திருக்கும் காற்று ஒருவருக்கு ஐம்பது நாள், இருவருக்கு இருபத்தைந்து. அடுத்த கப்பல் பதினான்கு மாதம் கழித்து. கப்பலிலிருந்து ஆளை இங்கே இறக்கும் கூண்டு மறுபடி ஏறாது.

எல்லாம் எழுதி, கப்பலோடு அப்படியே பூமிக்குத் திரும்பச் சொன்னேன். பதில்:

“என்ன பேசுதிய? மொதப் படத்துலயே நான் கேட்டிருக்கணும், எம் மேலயும் தப்பு. நான் இறங்கத்தான் போறேன். ரெண்டு பேருமாச் சேந்து பாப்போம்.”

கப்பல் தலைவரிடம் கெஞ்சினேன். பயணி இறங்குவேன் என்றால் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். தரையிலிருந்து வழிகாட்டி ஒலியோ மனிதக் குரலோ வராவிட்டால் மட்டும் கூண்டை அவிழ்க்கக் கூடாதாம். அதை இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதர்.

நாள் 238. மாலை 16.50

வழிகாட்டியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். நாளை மதியம் கப்பல் தலைக்கு மேலே பதினெட்டு நிமிடம் இருக்கும். அது தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவளோடு பூமிக்குத் திரும்பிவிடும். பயமாக இருக்கிறது. அவளை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

இந்தக் குறிப்பை எடுப்பவர் யாரானாலும், ரேடியோ கெட்டுப்போயிருந்தது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நாள் 239. மதியம் 12.06

வந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியை அணைக்க மனம் வரவில்லை.

12.09

அவள் குரல். “ஏழாம் வீடு. இருக்கியளா?”

12.13

“வழிகாட்டி கேக்கல. ரிப்பேரா? குரலாவது குடுங்க, அது போதும்.”

இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அது மைக் பக்கம் போகிறது.

12.19

“எனக்குத் தெரியும். அங்கதான் உக்காந்திருக்கிய. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கிய. ஒண்ணும் வேண்டாம், எம் பேர மட்டும் சொல்லுங்க.”

12.22

அழுகிறாள். வாயில் துணியை

12.25

சத்தம் நின்றுவிட்டது. அடிவானம் தாண்டியிருப்பார்கள். இனிமேல் சொல்லலாம்.

ஜெசிந்தா. ஜெசிந்தா. ஜெசி