தோசை ஓரத்து எண்ணெய்

இன்று காலை மல்லாட்டை எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். திண்டிவனத்துச் செக்கில் புதிதாக ஆட்டிய கடலெண்ணெய். வாசனையோடு உன் நினைவு வந்தது தோழி, கூடவே எரிச்சலும்.

என் நாத்தனாருக்கு மார்பில் கட்டி. எங்கள் வீட்டில் தங்கி, விழுப்புரத்தில் சிகிச்சை எடுக்கிறாள். கூட்டேரிப்பட்டிலிருந்து பார்க்க வந்த அவளுடைய ஓரகத்தி, சாத்துக்குடிப் பையோடு ஒரு வைத்தியத்தையும் இறக்கிவிட்டுப் போனாள். "புத்து கொழுப்பத் தின்னுக்கினுதான் வளருதாம். எண்ணெய நிறுத்திடு, தானா வாடிப்பூடும்." அன்றிலிருந்து இவளுக்குத் தண்ணீர்க் கஞ்சிதான். எடை இன்னும் குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிவைக்க நேரும் என்று மருத்துவர் கண்டித்துவிட்டார்.

கல்லூரியில் விலங்கியல் நடத்திய குரலில் நீ அதட்டியிருப்பாய். உனக்கே அந்த நோய் வந்தபோது என்னிடம் சொன்னாயே: "கட்டிய மட்டும் பாக்காதடீ, அதோட அக்கம்பக்கத்தப் பாரு. ரவுடிக்குத் தெருவே சோறு போடுற மாதிரி, பக்கத்துல இருக்கற கொழுப்பு செல்லே அதுக்குக் குடுக்கும். பத்தலன்னா சர்க்கரையிலேருந்து தானே கொழுப்பு செஞ்சுக்கும். சுத்தியிருக்கற திசு இறுகினா அதுவும் வளரத் தூண்டும். நான் எண்ணெய நிறுத்தினா அதுவா பட்டினி கெடக்கும்? நான்தான் கெடப்பேன்." சொல்லிவிட்டுத் தோசையின் ஓரம் முழுக்க எண்ணெய் விட்டுக்கொண்டாய்.

இதை நேற்று நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்க சிநேகிதி எண்ணெ ஊத்திக்கினுதான் சாப்ட்டாங்க. என்னா ஆச்சு அண்ணி?"

எனக்குக் கோபம் உன்மேல்தான் வந்தது; அவள் காதுபடவே திட்டினேன். இவ்வளவு சரியாகப் பேசியவள் பிழைத்தும் காட்டியிருக்க வேண்டாமா? சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் ஆளே இல்லை!

"அவ எண்ணெயால போகல" என்றேன். "எலும்பு வரைக்கும் போன பிறகுதான் அவளுக்குத் தெரிஞ்சுது. அப்பவும் நல்லா சாப்ட்டதால ஒரு கீமோவைக்கூட அவ உடம்பு தள்ளிவைக்க விடல. உனக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கு. அதைப் பட்டினி கெடந்து கெடுத்துக்கப் போறியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

இன்று கேட்காமலே தோசை வார்த்து, ஓரமெல்லாம் எண்ணெய் விட்டுத் தட்டில் வைத்தேன். தட்டைத் தொடாமல் கேட்டாள்:

"அவங்க மேல இன்னும் கோவமா அண்ணி?"

"ஆமாம். சாப்பிடு."

முறுகிய ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். பிறகு மீதியையும். "லேசா கருகிப்போச்சி" என்றாள்.

என் தோசையில் குறை சொல்லும் துணிச்சல் உனக்கு மட்டும்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இன்னொருத்தி. அடுத்ததை வார்த்தேன். கை தானாகவே எண்ணெயை உன் அளவில் விட்டது.