எந்த மூலையிலும் சமையலறை

என்னங்க,

நேற்றைய மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சோறு மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். நான் பொத்தேரி ஹாஸ்டலுக்கு நம் மகள் ஜோவிதாவைப் பார்க்கப் போகிறேன்.

படப்பை வீட்டு பிளானோடு என்ஜினீயர் ஷாகுல் காலையில் வருவார். நேற்றே எனக்கு போன் செய்துவிட்டார். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்து நான் கேட்ட சமையலறை, தென்கிழக்கு மூலைக்குப் போய்விட்டதாம்.

"சார்தான் மேடம், வாஸ்துப்படி மாத்தச் சொன்னாரு."

போன மாதம் ஆலயத்தில் எழுந்து நின்று, வாஸ்து பார்க்கிறவனுக்குக் கர்த்தர்மேல் விசுவாசம் இல்லை என்று சாட்சி சொன்ன மூப்பர் நீங்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்து ஷாகுல் சொன்னதைக் கேட்ட பிறகு சிரிக்க முடியவில்லை.

"விக்கும்போது வாங்குறவங்க இதெல்லாம் பாப்பாங்கன்னாரு மேடம்."

"இதுதான் நமக்குக் கடைசி வீடு ஈவ்லின், இனிமே பெட்டி கட்ட வேணாம்" என்று என்னிடம் சொன்னதும் இதே வாய்தானே?

சனிக்கிழமை அஸ்திவாரக் கல் வைத்து ஜெபிக்க நம் சபை ஐயர் வருகிறார். யாருடைய வீட்டுக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஈவ்லின்

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

ஷாகுலிடம் இதையும் சொல்லுங்கள்: சமையலறையை எந்த மூலையில் வேண்டுமானாலும் வைக்கட்டும். அதில் சமைக்கப்போகிறவள் வாங்க வருகிறவள்தானே, நான் இல்லையே.