ஏழே முக்காலுக்குக் கூவிய ஆறுமணிக்குருவி

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாசனை.

மூன்றாவது பீரியட் ஃப்ரீ. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேமரா பட்டியல் போட்டேன். நேற்று இவர் சொல்லச் சொல்லக் கிறுக்கியதன் நல்ல பிரதி:

– ஜூம் குறைந்தது 50 மடங்கு. 60 கிடைத்தால் நல்லது.
– லென்ஸ் கழற்றி மாட்டும் ரகம் வேண்டாம். மாட்டப்போவது நான், கீழே போடப்போவதும் நான்.
– கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் கட்டாயம். பின்பக்கத் திரை வெயிலில் தெரியாதாம்.
– கிளிக் சத்தத்தை அணைக்க முடிய வேண்டும்.
– ஒற்றைக்கால் ஸ்டாண்ட், உபரி பேட்டரி, மெமரி கார்டு, மழை உறை.

இத்தனையும் எதற்கு? ஏரியில் ஒரே ஒரு ஆறுமணிக்குருவியைப் படம் பிடிக்க. அந்த ஏரியில் அந்தக் குருவி இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன மாதம் 27, சனிக்கிழமை. சுகரில் இவர் கண் போனதிலிருந்து (இடது சுத்தமாக இல்லை, வலதில் நடுவில் புகை) ஸ்கூட்டரில் ஏரிக்குக் கூட்டிப் போவது நான்தான். பறவைப் பைத்தியம் இவருக்கு, இருபத்திரண்டு வருஷமாக. இப்போது பார்ப்பதில்லை, கேட்கிறார். இவர் பெயர் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். நேரம், இடம், பெயர், மூன்று கட்டம். அன்று இவர் மூங்கில் புதர் ஓரம், நான் பெஞ்சில். எங்கள் மகள் ஜெனி என் போனில் ஒரு பறவை ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பசி, பொழுது போகவில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்தேன். ஒன்று முழுச் சத்தத்தில் கூவிவிட்டது. இரண்டு விசில். பதறி அணைத்தேன்.

இவர் திரும்பினார். கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு முகம் நான் பார்க்கவில்லை.

"புஷ்பா! கேட்டியா?"

"கேட்டேன்."

பொய் இல்லை. கேட்டேன்தான்.

அந்த ஏரியில் இவருக்கு இத்தனை வருஷமாகக் கிடைக்காத குருவியாம் அது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுவதால் அந்தப் பெயர். மணி பார்க்கச் சொன்னார். 7.45. "ஆறுமணிக்குருவி ஏழே முக்காலுக்குக் கூவுது பாரு. பெங்களூரு டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு போல" என்று சிரித்தார். மூன்று கட்டத்தையும் என் கையால் நிரப்பினேன்.

அடுத்த சனிக்கிழமையும் கேட்டது. அதைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை.

கேஸ் புக் பண்ண வேண்டும்.


அக். 9, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. ஒன்றாம் வகுப்பு ரக்ஷிதா என் சேலையில் வாந்தி.

சாயங்காலம் வழக்கம் போல், பறவை குரூப்பில் இவர் போட்ட குருவிப் பதிவுக்கு வந்த மெசேஜ்களை இவருக்குப் படித்துக் காட்டினேன். குரூப்பை நடத்துகிற நாகராஜ் சார் நல்ல மனிதர். "ராஜ் சார், ஒந்து ஃபோட்டோ இத்ரே சாக்கு, லிஸ்ட்கே ஹாக்தீனி" என்று போட்டிருந்தார். இவரைத்தான் ராஜ் சார் என்பார். ஒரு படம் இருந்தால் போதும், ஏரிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்று.

இன்னொருவர், பெயர் வேண்டாம், தமிழிலேயே போட்டிருந்தார். "7.45க்கு ஆறுமணிக்குருவியா? கண்ணோட சேர்த்து காதும் போச்சா?" அதைப் படிக்காமல் விட்டேன்.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இல்லங்க. ஒருத்தர் கை கூப்பி படம் போட்டிருக்காரு."

இருபத்திரண்டு வருஷத்தில் இவர் ஒரு தப்புப் பதிவு போட்டதில்லை. சந்தேகம் என்றால் எழுதவே மாட்டார். "காக்கான்னா கூட ரெண்டு தடவ கேட்டுட்டுதான்" என்பார். அந்தப் பெயரைத்தான் நான் என் போனால் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று மட்டும் நாலு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது சொன்னேன். நாலாவது தடவை, "ரசத்துல உப்பு சரியா இருக்கா?"


அக். 11, சனி

மழை. ஏரி இல்லை. கேமரா கடை.

ஆட்டோவில் போனோம். கடைக்காரர் அறுபது வயசிருப்பார், தொம்மலூர்க்காரர், தமிழ். இவர் நேராக முகம் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்ப்பதைக் கண்டதும் புரிந்துகொண்டார். எதையும் காட்டவில்லை, கையில் கொடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று கேமரா எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, கைக்கு அடக்கம், ஆனால் ஜன்னல் இல்லை. ஒன்று எடை, கழுத்து வலிக்கும். டப்பாவில் பெரிதாக 120 என்று போட்டிருந்ததை நான் எடுத்தேன்.

"மேடம், அந்தப் பெரிய நம்பர நம்பாதீங்க. ஆப்டிகல் எவ்ளோன்னு மட்டும் பாருங்க. அறுபது. மிச்சம் டிஜிட்டல். அது ஜூமே இல்ல. இருக்கிற படத்த வெட்டி இழுத்துக் காட்டும். இல்லாதத இருக்கிற மாதிரி."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். இவர் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார். "கரெக்ட். பொய் எதுக்கு நமக்கு? அத ஆஃப் பண்ணிக் குடுங்க."

வாசலுக்கு வந்து சோதித்தோம். ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம், கண் பவருக்குத் தகுந்த மாதிரி திருப்ப. கடைக்காரர் திருப்பித் திருப்பி, "இப்போ? இப்போ?" என்றார். எதிர்க் கட்டிடத்தில் ஏ.சி. பெட்டி மேல் இரண்டு புறா. ஜூம் நீண்டது.

இவர் அசையவில்லை. ரொம்ப நேரம்.

"புஷ்பா. புறாவுக்கு கண்ணு ஆரஞ்சு."

"ம்."

"மறந்தே போச்சு. ரெண்டு வருஷமா ஒரு கண்ண நான் பாக்கல."

கடைக்காரர் உள்ளே போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது. சந்தோஷமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. என் பொய்யால்தானே இந்தக் கேமரா, இந்தப் புறா? அப்படி நினைத்துச் சமாதானம் ஆகிவிடப் பார்த்தேன். ஆகவில்லை.

வாங்கியது: 60 மடங்கு கேமரா, ஒற்றைக்கால் ஸ்டாண்ட், பேட்டரி 1, கார்டு 1. மழை உறை வாங்கவில்லை. பிரெட் கவரில் ஓட்டை போட்டால் போதுமாம், கடைக்காரரே சொன்னார்.

சாயங்காலம் கோவில். பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் ஃபாதரிடம் மூன்று பாவம் சொன்னேன். கோபம், பொறாமை, வெள்ளிக்கிழமை மட்டன். இதைச் சொல்லவில்லை. அவரும் ஏரிக்கு வாக்கிங் வருகிறவர்.


அக். 12, ஞாயிறு

காலை 5.40, ஏரி. மேகம், மழை இல்லை.

இவர் சொன்ன குருவிக்காகக் குரூப்பிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். வைட்ஃபீல்டிலிருந்து ஒரு அம்மா, இலை போட்ட துணி சுற்றிய பீரங்கி லென்ஸுடன். நாகராஜ் சார் ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டு வந்தார். எல்லோரும் மூங்கிலைப் பார்த்து நின்றார்கள், இவர் முன்னால். என் பழைய சுடிதாரில் அவரைக்கொட்டை அடைத்துத் தைத்த தலையணையைக் கட்டைச் சுவர் மேல் வைத்து, அதன் மேல் கேமரா. ஸ்டாண்டைவிட இதுதான் ஆடாமல் நிற்கிறதாம்.

ஆறு. ஏழு. ஏழே முக்கால். மைனா, செம்போத்து, மீன்கொத்தி. அது இல்லை.

"மேடம், நீங்களும் கேட்டீங்களா?" அந்த அம்மா.

"கேட்டேன்."

இவர் இட்லி வேண்டாம் என்றுவிட்டார். சாப்பிடுகிற நேரம் பார்த்துக் கூவிவிடுமாம். எட்டரைக்கு நெற்றியில் வேர்வை. கை நடுங்கியது. சுகர் இறங்கிவிட்டது. பையில் இருந்த சாக்லேட்டை வாயில் திணித்து, நானும் நாகராஜ் சாரும் பிடித்து உட்கார வைத்தோம். உட்கார்ந்த பிறகும் கேமராவை விடவில்லை. "ஷ். சத்தம் போடாதீங்க. இப்ப வரும்."

இல்லாத குருவிக்காக இவர் விழுந்திருப்பார். என்னால்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அந்த இரண்டாவது சனிக்கிழமை, 4ஆம் தேதி. அன்று கை படவில்லை. இவர் ஒரு மணி நேரமாக மூங்கிலைப் பார்த்து நின்று, "போயிடுச்சு போல" என்று தோளைத் தொங்கப் போட்டார். என்னால் பார்க்க முடியவில்லை. பைக்குள் கை விட்டு, சத்தத்தைக் குறைத்து, தூரத்தில் கேட்கிற மாதிரி நானேதான் போட்டேன். தூரத்தில் கேட்கிற மாதிரி! அவ்வளவு யோசித்திருக்கிறேன், பாவி.


அக். 13, திங்கள்

ஸ்கூலிலிருந்து வந்து டீ போட்டேன். இவர் பால்கனியில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னேன். வைத்தால் சொல்ல மாட்டேன்.

"என்னங்க, அந்தக் குருவி என் போன்."

துடைத்துக்கொண்டே இருந்தார். சுற்றிச் சுற்றி, ஒரே இடத்தை.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"ரெண்டாவதும் கை பட்டுதா?"

ஆமாம் என்றிருக்கலாம். அவரே வழி விட்டுக் கொடுத்தார்.

"இல்லங்க. நானாத்தான் போட்டேன்."

"ஏன்?"

"உங்க மூஞ்சிக்காக."

டீ ஆடை கட்டிவிட்டது. பிறகு, "போன எடு. குரூப்புல எழுது" என்றார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: செப்டம்பர் 27, அக்டோபர் 4 இரண்டு நாளும் நான் கேட்டதாகச் சொன்னது ஆறுமணிக்குருவி அல்ல. என் காது ஏமாந்துவிட்டது. வந்து நின்றவர்கள் மன்னிக்கவும்.

"உங்க காது ஏமாறலயே. என் பேரப் போடுங்க. நான் செஞ்சேன்னு போடுங்க."

"உன் பேரு எதுக்கு அதுல? அனுப்பு."

இவருக்கு மிச்சம் இருந்தது அந்தக் காது ஒன்றுதான். அதையும் எனக்காகக் கொடுத்துவிட்டார். என் விரலாலேயே அனுப்பினேன்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், மாத்திரை போட்டார். திட்டியிருந்தால் தேவலை.


அக். 15, புதன்

கேஸ் வந்தது.

"என்ன போட்டிருக்காங்க?" என்று இவரே கேட்டார். இந்தத் தடவை ஒன்று விடாமல் படித்தேன். "பரவாயில்லை சார்." "வயசானா சகஜம்." "இதுக்குத்தான் ஃபோட்டோ வேணும்ன்றது." நாகராஜ் சார் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

நோட்டில் அந்த இரண்டு வரியையும் அடிக்கச் சொன்னார். ஸ்கேல் வைத்து அடித்தேன். அடித்த பிறகும் பெயர் தெரிகிறது.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றேன்.

"எதுக்கு? சும்னே கெடக்கட்டும். புறா பாக்கறேன்."

பேசிவிட்டார் என்று அடுப்படியில் போய் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்கிறது. ஏரிக்குப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை.


அக். 18, சனி

மழை விட்டிருந்தது. ஐந்து மணிக்கு நானே எழுப்பினேன். "வாங்க, போலாம்." மறுக்கவில்லை. வேண்டுமென்றே போனை அடுப்படியில் சார்ஜில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஏரியில் பனி. வேறு யாரும் இல்லை. இவர் கழுத்தில் கேமரா, என் கையில் அவரைக்கொட்டைத் தலையணை. மூங்கில் பக்கம் போகலாமா என்று நான் கேட்கவில்லை, அவராகவே போனார். நான் நாலடி பின்னால்.

இரண்டு விசில்.

இவர் திரும்பவில்லை. "வேணாம் புஷ்பா." கோபமே இல்லாத குரல். "எனக்காகப் போட வேணாம்."

"போன் வீட்டுல இருக்குங்க. சார்ஜ்ல."

மறுபடியும் இரண்டு விசில், மூங்கிலின் வலது பக்கத்தில், தரையோரமாக. பக்கத்தில் போய் என் இரண்டு கையையும் விரித்து அவர் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். பிறகு என் ஸ்வெட்டர் பாக்கெட்டை. இரண்டு பாக்கெட்டும். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் என்னைச் சோதித்துப் பார்த்தது இன்றுதான்.

மூன்றாவது தடவையும் கூவியது.

"கேமரா! ஆன் பண்ணுங்க, ஆன் பண்ணுங்க" என்று நான்தான் பதறினேன். விரலால் பட்டனைத் தேடி அழுத்தினார். லென்ஸ் நீண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் நின்றோம். ஒன்றும் இல்லை. இட்லி சாப்பிட்டார், நான் சொல்லாமலே.

வண்டிக்குத் திரும்பும்போது நோட்டை எடுத்தேன்.

"எழுதட்டுமா?"

லென்ஸ் மூடியைத் தடவி மாட்டினார்.

"மணி மட்டும் எழுது."

கடிகாரத்தில் பார்த்து வைத்திருந்தேன். 6.05 என்று எழுதினேன். இடம், மூங்கில் என்று நானாகச் சேர்த்தேன். பெயர்க் கட்டம் காலி.