நான் நீக்கிய இரண்டு பக்கங்கள்

1. இதை எழுதும் நான், குணசேகரன், சுங்கை பட்டாணியில் வழக்கறிஞராகத் தொழில் செய்பவன். பாடாங் செராய் தமிழ்ப்பள்ளியில் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

2. உன் கதைகளைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் படித்து, வழக்கு வரக்கூடிய வரிகளை நீக்கிக் கொடுத்தவன் நானே.

3. கீழே உள்ளவை நான் நேரில் அறிந்தவை. பிறர் சொல்லி அறிந்தவற்றை அவ்வாறே குறிப்பிட்டுள்ளேன்.

உன் நினைவு நூலின் அச்சுப்படிகள், பிழை திருத்துவதற்காகப் போன வாரம் அலுவலகத்துக்கு வந்தன. உறையைப் பிரித்ததும் புது மையின் வாடை அறையில் பரவியது. உனக்குப் பிடித்த வாடை அது. ஞாயிறு பதிப்பில் உன் கதை வந்தால் படிக்கும் முன் முகர்ந்து பார்ப்பாய். நான் பக்கங்களைப் புரட்டினேன். ‘பொறுமை’ என்ற கதை, நான் சிதைத்த வடிவிலேயே அச்சாகியிருந்தது.

முன்னுரையில் நினைவுக்குழுத் தலைவர் உன்னை ‘ஓய்வு நேரத்தில் எழுதிய மென்மையான படைப்பாளி’ என்கிறார். உனக்கு ஓய்வு நேரம் எப்போது இருந்தது? செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில், லாரிகளை எடைபோடும் சாவடியில் உனக்கு வேலை. ஒரு லாரி இறங்கி அடுத்தது மேடை ஏறும்வரை கிடைத்த இரண்டு நிமிடத்தில், வீணான எடைச்சீட்டின் பின்புறத்தில் நான்கு வரி எழுதுவாய். நான் அங்கு வந்திருந்தபோது ஒரு டிரைவர் தலையை நீட்டி, “அண்ணே, என்னையக் கதையில போட்டா நல்ல சட்டை மாட்டிவிட்டுப் போடுங்க லா!” என்று கத்தினான். “உன் தொப்பைக்கு எந்தச் சட்டைடா பத்தும்?” என்றாய். அதையும் சீட்டில் எழுதிக்கொண்டாய். நீ எழுதியவை எல்லாம் அந்தச் சன்னல் வழியே வந்தவைதான்.

உன் முதல் கதையைப் படித்த ஒருவர் வழக்குப் போடுவதாக மிரட்டியபிறகுதான் நம் சனிக்கிழமை வழக்கம் தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் நீ வருவாய். என் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள ஒட்டுக்கடையில், நீ தேநீர் குடித்து முடிப்பதற்குள் நான் பென்சிலால் அடித்துக் கொடுப்பேன்.

அப்படித்தான் அந்தக் கதையும் வந்தது. நீ வைத்த தலைப்பு ‘கையுறை’. ஆலைக்குச் சொந்தமான தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் அஞ்சலை அக்காளுக்கு நடந்ததை எழுதியிருந்தாய். கையுறைகள் வந்து சேர்ந்தன. வேலையை மேற்பார்க்கும் மண்டோர், பெண்களிடம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட்டு அவற்றைக் கிடங்கில் பூட்டினார். அக்காளின் நகங்கள் கறுத்து விழுந்தன. ஒரு காலையில் அவர் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு உன் சாவடிக்கு எதிரே உள்ள மேனேஜர் அலுவலக வாசலில் நின்று, கிடங்கு திறக்கப்படும் வரை சத்தம் போட்டார். சாவடியிலிருந்து நீ கண்ணால் பார்த்தது அது. கடைசி இரண்டு பக்கம் முழுவதும் அந்தச் சத்தம்தான்.

இரண்டு பக்கத்தையும் நீக்கி, நகம் விழுந்த கையோடு அக்காள் சோறாக்கிச் சாமி கும்பிடும் இடத்திலேயே கதையை முடித்தேன். தலைப்பையும் ‘பொறுமை’ என்று மாற்றினேன்.

“இத எடுத்துட்டா கதையில என்னடா மிச்சம் இருக்கு?”

“உன் வேலை மிச்சம் இருக்கு.”

“பல்லப் புடுங்கிட்டுக் கரும்பு குடுக்குறியே, லாயரு,” என்று சிரித்தாய். பிறகு, நான் கொடுத்தபடியே அனுப்பினாய்.

அவதூறு வழக்கில் உண்மையே முதல் தற்காப்பு. அதைச் சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும் அறிவான். அந்த வாசலில் எத்தனை பெண்கள் நின்றார்கள், யாரேனும் சாட்சி சொல்ல வருவார்களா என்று உன்னிடம் நான் கேட்கவேயில்லை. எச்சரிக்கை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். உன்மீதும் எனக்குக் கோபம் உண்டு. எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் டிரைவரோடு மல்லுக்கு நிற்பவன், இரண்டு பக்கம் குறைந்தபோது ஏன் என்னோடு சண்டை போடவில்லை?

உன் பதினாறாம் நாள் காரியத்தில் அஞ்சலை அக்காள் என்னிடம் வந்தார்.

“தம்பி, எங்கதைய எழுதுனாருன்னு என் மவ படிச்சிக் காட்டுச்சு. நகம் விழுந்த கையோட சோறாக்கிப் போட்டுட்டு சாமிய கும்புடுறேனாம். நானா தம்பி? அன்னைக்கு நான் போட்ட சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டுச்சு. பொறுமையாம்! எவன் சொன்னான்?”

நான்தான் சொன்னேன் என்பதை அன்று அவரிடம் மறைத்தேன். சாப்பிடாமல் கிளம்பினேன்.

அச்சுப்படி வந்த அன்றே தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, நீக்கிய பக்கங்களைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

“செத்தவரு பேரு நல்லபடியா நிக்கட்டும், லாயர் சார். பழசக் கிளறி என்ன ஆகப்போகுது? அதோட, வெட்டுனதே நீங்கதானே?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்: “ஆமாம்.”

வழக்கறிஞன் எந்தத் தாளையும் எறிவதில்லை. உன் இரண்டு பக்கங்களும் என் கோப்பில் இருக்கின்றன. உன் எழுத்தின் உரிமை இப்போது உன் மனைவி ராஜேஸ்வரிக்கு உரியது. அவர் பக்கங்களைப் படித்துவிட்டு, “இது இல்லாம புக்கு வேணாம்ணே. பேசாம மூடிரச் சொல்லுங்க,” என்றார். அதையே எழுத்தில் குழுவுக்கு அனுப்பினேன். நேற்று இணங்கினார்கள், ஒரு நிபந்தனையோடு: வழக்கு வந்தால் பொறுப்பு முழுவதும் என்னுடையது. மண்டோர் உயிரோடு இருக்கிறார். வழக்குத் தொடுக்க அவருக்கு உரிமை உண்டு. தொடுக்கட்டும்.

இந்த மடல், சேர்க்கப்பட்ட பக்கங்களுக்கு முன்னால் அச்சாகும். கதையைக் கெடுத்தது நீ அல்ல என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். உன் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட குற்றம் என்னோடு இருக்கும். அதை லேசாக்க இதை எழுதவில்லை.

இன்று காலை ராஜேஸ்வரியும் அஞ்சலை அக்காளும் இந்த மடலில் சாட்சிக் கையெழுத்திட என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வந்ததும், வெட்டியவன் நான் என்று அக்காளிடம் சொன்னேன். மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு, “எங்க போடணும்?” என்றார்.

சாட்சி என்பவர் தாம் கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே கையெழுத்திடுகிறார் என்று விளக்கினேன்.

“பாத்தத மட்டும் சொல்லணும், அவ்வளவுதானே?” என்றார் அக்காள். “அவரும் அதத்தானே தம்பி எழுதுனாரு?”

(ஒப்பம்)
சி. குணசேகரன்
சுங்கை பட்டாணி

சாட்சிகள்:
1. ராஜேஸ்வரி
2. அஞ்சலை