ஓட்டுநர் இருக்கை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது குறித்து

அனுப்புநர்:
விபத்துக்குள்ளான வாடகைக் காரின் உரிமையாளருடைய மகள்,
மாடி அறை, சலவை நிறுவனத்தின் பின்சந்து.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வாகனக் காப்பீட்டுப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: காரை ஓட்டியது நான் என்று கூறி அப்பாவின் விபத்து இழப்பீடு மறுக்கப்பட்டது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். நேரில் வராததற்கு அதுவே காரணம். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

1. என் அப்பா சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். சென்ற மாதம் ஒரு பிற்பகல், சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நாற்சந்தியில் இடப்பக்கமிருந்து வந்த சரக்கு வேன் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடப்பக்கக் கதவுகள் இரண்டும் நசுங்கின. அப்பாவுக்கு இடுப்பெலும்பும் வலது கணுக்காலும் முறிந்து, மருத்துவமனையில் ஆண்கள் பிரிவில் இருக்கிறார். காரில் அப்போது வேறு யாரும் இல்லை.

2. காரைப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். சேதத்தைப் பார்க்கத் தங்கள் சர்வேயர் வரும்வரை எதையும் சரிசெய்யக் கூடாது என்பதால், கழன்று விழுந்த பம்பரையும் விளக்குகளையும் மெக்கானிக் அண்ணன் பின்சீட்டில் அடுக்கி வைத்தார். சர்வேயர் வந்தாரா என்று பார்த்துச் சொல்லும்படி அப்பா கேட்டதால், வேலை முடிந்ததும் தினமும் பட்டறைக்குப் போனேன்.

3. அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் தங்களுக்கு எதுவும் புரியாது. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் நானும் அப்பாவும்தான். ஆண்கள் பிரிவில் இரவில் பெண்கள் தங்கக் கூடாது. நான் சித்தி வீட்டில் இருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்து படுப்பதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் யாரும் குடியில்லை.

அதனால் பட்டறைக்குப் போனால் உடனே திரும்புவதில்லை. மெக்கானிக் அண்ணன், "உக்காந்துக்க பாப்பா, வண்டி எங்க ஓடிடப் போகுது? ஹாரனை மட்டும் அமுக்கிடாத, எதிர்க்கடைக்காரர் சண்டைக்கு வந்துடுவாரு" என்பார். இடப்பக்கக் கதவு திறக்காது, பின்சீட்டில் இடமில்லை. அப்பாவின் இருக்கை மட்டுமே மிச்சம். அவர் உயரமானவர், அவர் வைத்திருந்த தூரத்தில் உட்கார்ந்தால் ஸ்டியரிங் எனக்கு எட்டவில்லை. அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொள்வதற்காக இருக்கையை முன்னால் இழுத்தேன். குத்துகிறது என்று முடிக் கிளிப்பைக் கழற்றி முன்கண்ணாடிக்கு மேலே உள்ள வெயில் மறைப்பில் மாட்டினேன். செருப்பையும் வீட்டில் விடுவதுபோல் கழற்றி பிரேக்குக்குக் கீழே விட்டேன்.

4. சர்வேயர் வந்த நாளில் நான் அப்படியே தூங்கிப்போயிருந்தேன். கதவுக் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். "சீட்டு உன் உசரத்துக்குத்தான் இருக்கு, கிளிப்பும் உன்னோடது, அப்ப நீதானே ஓட்டிட்டு வந்த?" என்று ஒரே மூச்சில் கேட்டார். முதல் இரண்டும் உண்மை என்பதால் தலையசைத்தேன். மூன்றாவதற்கு இல்லை என்று சொல்வதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார். ஒருவர் எழுதும்போது குறுக்கே பேச எனக்குத் தைரியமில்லை. மெக்கானிக் அண்ணன் எடுத்துச் சொன்னார். "பட்டறைக்காரங்க வண்டிக்காரங்க பக்கம்தான் பேசுவீங்க" என்று பதில் வந்தது. உரிமம் இல்லாத மகள் ஓட்டியதை ஒப்புக்கொண்டதாகவும், அப்பா இடப்பக்கம் அமர்ந்திருந்து அடிபட்டதாகவும், பொய்த் தகவல் தந்ததாகவும் தங்கள் கடிதம் கூறுகிறது.

5. விபத்து நடந்த நேரத்தில் நான் சலவை நிறுவனத்தில் மடிப்புப் பிரிவில் இருந்தேன். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிக்கும் அக்கா அன்று வரவில்லை. அதனால் ஓரமாக நின்று தலையணை உறைகளைத் தனியாக மடித்தேன். சாட்சியாக எழுதித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்டேன். "காலையில வந்ததுக்குக் கையெழுத்து இருக்கு. மத்தியானம் இருந்தியான்னு நான் எப்படிம்மா சொல்றது? நீ இருந்தாலும் தெரியாது, இல்லன்னாலும் தெரியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்மேல் குறையில்லை. நான் இருந்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

6. என்னை யாரும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவரை வலப்பக்கக் கதவு வழியாகத்தான், ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து தூக்கியதாக மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்கள். அவர்களை யாரும் விசாரிக்கவில்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்ததில் கணுக்கால் முறிந்திருப்பதாக எலும்பு டாக்டர் என்னிடம் சொன்னார். இடப்பக்க இருக்கைக்கு முன்னால் பிரேக் இல்லை, ஐயா.

7. இழப்பீடு வராவிட்டால் காரை உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. மறுபடி எப்போது ஓட்டலாம் என்றுதான் டாக்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகையால் ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் டாக்டரையும் விசாரித்து, மறுப்பை நீக்கி உத்தரவிட வேண்டுகிறேன். என்னை விசாரிக்க வருபவரிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். இந்த முறை வாய் திறந்து பதில் சொல்வேன்.

அப்பாவிடமும் விசாரிக்க நேரிட்டால், இருக்கையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். ஏன் இழுத்தாய் என்று என்னைக் கேட்பார். நான் சித்தி வீட்டில் இல்லை என்று தெரிந்துவிடும். அதன்பின் அவரைக் கட்டிலில் படுக்கவைக்க யாராலும் முடியாது.

கடிதம் வந்ததிலிருந்து நான் காருக்குள் போவதில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறேன். எல்லாம் சர்வேயர் பார்த்தபடியே இருக்கின்றன, கிளிப்பைக்கூட எடுக்கவில்லை. தங்கள் அலுவலர் பார்த்து முடித்ததும், இருக்கையைப் பின்னால் தள்ளிவைக்க எனக்கு அனுமதி தர வேண்டும். அப்பா வந்து உட்காரும்போது கால் நீட்ட இடம் இருக்க வேண்டும்.

இடம்: மேற்கண்ட மாடி அறை
நாள்: 9.11

இப்படிக்குத் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓட்டுநரின் மகள்